அசையும் முனை

பதினொரு மாதம் இந்த ஆற்றுமணலில் முழந்தாளிட்டிருந்தேன்.
தலைக்கு மேலே பாலம் இல்லை.
நான்கு தூண் மட்டும்.
மூன்றாவது, குடித்துவிட்டு வந்தவன்போலக்
கொஞ்சம் சரிந்து.

நாளுக்கு எட்டுச் சதுர மீற்றர்.
கருவி கூவினால் கரண்டியைச் சரித்துப்
பக்கவாட்டில் சுரண்ட வேண்டும், மேலிருந்து கூடாது.
சுரண்டுவேன்.
ஆணி.
குமிழ்த்தலைத் தறையாணி, பெருவிரல் மொத்தம்.
மறுபடி கூவும். மறுபடி ஆணி.
முதற்கிழமையில் நூற்றுப் பதினேழு.
"கண்ணிவெடி எடுக்கிறியோ மாதுமை, பாலம் பொறுக்கிறியோ?"
பக்கத்து நிரையிலிருந்து செபமலர்,
முகக்கவசம் மூச்சில் மங்க.

யார் வைத்த வெடியில் விழுந்ததென்று
மாங்குளத்தில் ஆளுக்கொரு கதை.
மணலிடம் ஆணிதான் இருந்தது.

ஒரு மதியம், ரயில்வேப் பொறியியலாளர்,
என்னிலும் நாலு வயது இளைய பொடியன், பெயர் விதுஷன்,
ஜீப்பின் மூக்கில் விரித்தான் பழைய வரைபடத்தின் நகலை.
நாலு மூலைக்கும் நாலு சோற்றுப் பார்சல்.
ஐந்து கண் பாலம்.
ஒவ்வொரு கண்ணும் அறுபது அடி.
தூண், வெள்ளம் வரும் பக்கம்
தோணியின் அணியம்போல் கூர்.
மார்கழி ஆற்றை முட்டித் தடுக்க அல்ல,
வகிடு பிரித்து அனுப்ப.
வெள்ள மட்டமென்று ஒரு புள்ளிக்கோடு.
தூணில் கறை அதற்கும் ஒரு முழம் மேலே.
அதை நான்தான் அவனுக்குக் காட்டினேன்.
கல் சுமந்தவர்கள் படத்தில் இல்லை.
காய்ச்சலில் போனவர்களும் இல்லை.

"இதைப் பாருங்கோ அக்கா" என்றான்.
ஒவ்வோர் உத்திரத்துக்கும் தெற்கு முனை
தூணோடு திருகி இறுக்கியது.
வடக்கு முனை உருளைகளின் மேல், சும்மா கிடப்பது.
சித்திரை வெயிலில் இரும்பு நீளுமாம்,
ஒரு நெல்மணியளவு.
அதற்கு இடம் விடாவிட்டால்
கல்லையே பிளந்துகொண்டு போகுமாம்.

நான் சோற்றுப் பார்சலைப் பிரிக்கவில்லை.

ரயிலைக் காணுமுன் தண்டவாளத்தைக் கண்டவள் நான்.
அது எங்கள் பங்கரின் கூரை.
ஏழு துண்டு, மேலே பாலைக்கட்டை, அதற்கும் மேலே மண்மூட்டை.
படுத்தபடி, குப்பிவிளக்கில்,
இரும்பின் வயிற்றில் புடைத்திருந்த ஆண்டைத் தடவுவேன்: 1903.
ஷெல் விழுந்தால் மண் கொட்டும். அது தெரிந்தது.
ஆனால் ஒன்றுமே விழாத நாட்களில்,
கிபிரும் வராத உச்சிவெயிலில்,
காதருகே கொஞ்சம் மண் சொரியும்,
அளந்து போட்டதுபோல.
அப்பா வெளியே எட்டிப் பார்ப்பார், வானம் வெறுமை.
"எலி" என்பார்.
அம்மா தம்பியின் முகத்தைச் சேலையால் மூடுவாள்.

வெயிலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தன அதன் முனைகள்.
எலி இல்லை அப்பா.
இரும்பு தன் உருளையைத் தேடியது.

ஒரு புதன்கிழமை,
இரண்டாம் தூணுக்கும் மூன்றாம் தூணுக்கும் நடுவே
கருவி கூவவில்லை, முனகியது.
ஆணியென்றே சுரண்டினேன்.
பச்சை. உள்ளங்கையளவு வட்டம்.
கொடி குத்திவிட்டு
என் முழந்தாள் பள்ளங்களிலேயே பின்னால் நகர்ந்தேன்.
செபமலர் அன்று பகிடி விடவில்லை.

உருளை ஒன்று மாசியில் கிடைத்தது.
மூன்று பேர் தூக்கினோம்.
துருவை உரசி, பலகையில் வைத்துத் தள்ளினால்
இன்னும் உருண்டது.
பழைய இரும்புக்காரன் அதையும் ஆணிகளோடு சேர்த்து
நிறுத்துக்கொண்டு போனான்.

கையளிப்புப் படிவத்தில் எழுதினேன்:
ஆணி, ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தாறு.
ஏனையவை, ஒன்று.
உருளைக்கு அதில் நிரல் இல்லை.

புதுப்பாலம் கொங்கிறீற்று.
பழைய தூண்களைப் பக்கத்தில் நிற்க விட்டார்கள்,
இடிக்கக் காசில்லை.
முதல் ரயில் போன காலை
நான் முத்தையன்கட்டுப் பக்கம் வேறொரு மணலில் இருந்தேன்.
தூரத்தில்கூடக் கேட்கவில்லை.
நல்ல வெயில்.